பத்து நிமிட அரங்கேற்றம்

கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க எழும் மாணவர்க்கு நாம் அளிக்கும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடம். அவர் கையில் இருப்பதோ பன்னிரண்டு பக்கம். ஒரு பக்கத்தை நிதானமாகப் படிக்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். மேடை ஏறுமுன்பே எவர்க்கும் தெரிந்த கணக்கு இது. எனினும் மணி அடித்தபின் பக்கங்களை இரண்டிரண்டாகப் புரட்டி, "நேரமின்மை காரணமாக முடிவுரைக்குச் செல்கிறேன்" என்று கூறும் குரலை ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அவையோர்க்குக் கிடைப்பவை முன்னுரையும் முடிவுரையுமே. இடையில் இருந்த ஆய்வு எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. கைதட்டிவிட்டு அடுத்தவரை அழைக்கிறோம்.

பிறரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிடுவதே முறை. எம்.ஃபில் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சீறாப்புராண நாட்டுப் படலத்தின் நில வருணனை. அதைக் கட்டுரையாக்கி முதன்முதலாக வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் வாசிக்க இருந்தேன். முந்தைய இரவு நெய்வேலி நகரியத்து வீட்டில் அத்தாவை அமர வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் முதற் சுரங்கத்தில் மேல்மண் அகற்றும் பிரிவில் பணியாற்றியவர். இரவுப் பணிக்குக் கிளம்ப வேண்டிய அவசரத்திலும் அரைமணி நேரத்திற்கு மேல் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இதெல்லாம் மேல்மண்ணு. கரி எங்கே?" என்றார்.

இவ்வூரில் வளர்ந்தவர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. இங்கே பழுப்பு நிலக்கரியின்மேல் 45 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மண் மூடிக் கிடக்கிறது. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டும். 1957-இல் தொடங்கிய வேலையில் கரி கண்ணிற் பட்டது 1961-இல்தான். அந்த நான்காண்டு உழைப்பு வீணன்று. அதுவின்றிக் கரியும் இல்லை. ஆயினும் அனல்மின் நிலையத்திற்குச் செல்வது கரிதானே ஒழிய மண் அன்று.

அத்தா சொன்னதை நான் கேட்கவில்லை. படிக்காதவர் பேச்சு என்று இளமைச் செருக்கோடு ஒதுக்கிவிட்டேன். மறுநாள் அவையில் உமறுப் புலவரின் வரலாறு, வள்ளல் சீதக்காதியின் கொடை, மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள், 1842-இல் நூல் அச்சேறிய செய்தி என்று வரிசையாகப் படித்துச் சென்றேன். இவற்றுள் எதுவும் நான் கண்டறிந்ததன்று. அவையிலிருந்த பேராசிரியர் அனைவரும் அறிந்தது. நான் கண்டறிந்ததோ வேறு. அரபு நாட்டைப் பாட வந்த புலவர் தமிழகத்து மருத நிலத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது அறியாமையால் அன்று, காப்பிய மரபைத் தெரிந்தே கைக்கொண்டதால்தான் என்பது என் கருத்து. கம்பரின் நாட்டுப் படலத்தோடு ஒப்பிட்டு, உமறு எவற்றை ஏற்றார், எவற்றை விட்டார் என்று ஒரு பட்டியலும் ஆக்கியிருந்தேன். அந்தப் பட்டியல் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. நான்காம் பக்கத்தில் மணி அடித்தது.

அரங்கேற்றம் நமக்குப் புதியதன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. குற்றம் கூறும் நோக்குடனேயே ஆசான் கேட்டார் என்றும், அவர் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை அளித்தார் என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். கதை எவ்வளவு உண்மையோ, அதில் உள்ள எதிர்பார்ப்பு உண்மை. நூல் அரங்கேறுவதென்றால் கேள்விக்கு நிற்பது என்பதே அதன் பொருள். சீறாப்புராணமும், சீதக்காதி மறைந்தபின், நம் மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது என்பது வழக்கு. நெய்வேலியிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கும் அவ்வூரை எம் மாணவர் பலர் பார்த்ததில்லை. (இதைத் தனியே எழுத வேண்டும்.)

இன்றைய அரங்குகளிலோ கேள்வி என்றாலே பகை என்று கருதும் மனப்பாங்கு வளர்ந்துவிட்டது. ஒருவர் ஐயம் எழுப்பினால், "பிள்ளை முதன்முதல் வந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்" என்று தலைவரே தடுத்துவிடுகிறார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அன்று கேள்விக்கு நில்லாத மாணவி நாளை வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முன் நின்றே ஆக வேண்டும்.

முன்பெல்லாம் எம்.ஃபில் என்னும் இடைப்படி ஒன்று இருந்தது. சிறிய ஆய்வேட்டில் தவறு செய்து, திருத்தப்பட்டு, அதன்பின் முனைவர் பட்டத்திற்குச் சென்றோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நெறிமுறை அப்பட்டத்தையே நிறுத்திவிட்டது. இனி முதுகலை முடித்தவர் நேரே முனைவர் பட்ட ஆய்வுக்குள் இறங்க வேண்டும். 2016 நெறிமுறை, ஆய்வேட்டை அளிக்குமுன் இரண்டு கருத்தரங்குகளில் ஆய்வுரை வழங்கியிருக்க வேண்டும் என்று விதித்தது. 2022-இல் அக்கட்டாயமும் நீங்கியது. அது நல்லதே என்பேன். அந்த விதி ஆய்வை வளர்த்ததைவிடச் சான்றிதழ் வேட்டையையே மிகுதியாக வளர்த்தது. மின்னஞ்சலில் கட்டுரையை அனுப்பிவிட்டு, மதிய உணவு வேளையில் வந்து சான்றிதழ் வாங்கிச் சென்றவர்களை நான் அறிவேன். கட்டாயம் நீங்கிய இக்காலத்தில் மேடை ஏறுபவர், சொல்ல ஒன்று இருப்பதால் ஏறலாம். இடைப்படி இல்லாமற்போனதால், அவர்க்குரிய பயிற்சிக்களம் கல்லூரித் துறைக் கருத்தரங்கு ஒன்றே.

மாணவர்க்கு நான் சொல்வது, பன்னிரண்டு பக்கக் கட்டுரை அச்சுக்கு, மேடைக்கு வேறொன்று எழுதுக என்பதே. முதலில் ஒரே வாக்கியத்தில் உன் கண்டுபிடிப்பை எழுது. எழுத வரவில்லையெனில் ஆய்வு இன்னும் முடியவில்லை என்று பொருள். "சீறாவில் இயற்கை" என்பது தலைப்பு, கேள்வி அன்று. "அரபு நாட்டில் மருதம் ஏன்?" என்பது கேள்வி. அக்கேள்வியை முதல் நிமிடத்திலேயே அவையின்முன் வைத்துவிட வேண்டும். பின்னர் ஒரு பாடலோ இரண்டோ எடுத்துக்கொண்டு, அவற்றைப் பதம் பிரித்து நிதானமாகப் படித்து, உன் முடிவு அவற்றிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்று காட்டு. இருபது பாடல்களை ஓட்டமாகப் படித்தால் ஒன்றும் நெஞ்சில் தங்காது. நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல் ஒன்று, சென்று தேய்ந்து இறுதல் ஒன்று. நம் கட்டுரைகள் தொடக்கத்தில் முன்னதையும் முடிவில் பின்னதையும் செய்கின்றன.

எவர் சொன்னது, எந்த நூல், எந்தப் பதிப்பு என்பதை வாய்மொழியாகவும் சொல்லிப் பழக வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். "அறிஞர் கூறுவர்" என்று பொதுவாகச் சொல்லிப் போகும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

பவர்பாயிண்ட் பற்றி ஒரு சொல். கட்டுரை முழுவதையும் திரையில் ஏற்றி, அவைக்கு முதுகு காட்டி நின்று படிப்பதாயின் அது வேண்டா. திரையில் பாடல் மட்டும் இருக்கட்டும், பின்வரிசைக்கும் தெரியும் பெரிய எழுத்தில். உம் கணினியில் உள்ள தமிழ் எழுத்துரு அரங்கின் கணினியில் இல்லாவிடில் உமறுவின் பாடல் வெறுங் கட்டங்களாகத் தோன்றும். ஒருங்குறி எழுத்துருவில் அமைத்து, பிடிஎப் படியொன்றும் கொண்டு செல்க. மின்சாரம் நின்றாலும் பேச முடிய வேண்டும். (நெய்வேலியிலும் நிற்கும்.)

ஒத்திகையை வாய்விட்டு, கடிகாரத்தோடு, தமிழிலக்கியம் படியாத ஒருவர் முன் செய்து பார்க்க வேண்டும். என் அத்தாவைப் போல் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். குறிப்பாக எம் மாணவியர்க்கு இதைச் சொல்கிறேன். ஒலிவாங்கி முன் முதன்முதல் நிற்கையில் குரல் நடுங்கும், அது குற்றமன்று. தாளைப் பார்த்தே படிக்காமல், முதல் இரண்டு வாக்கியங்களையாவது அவையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் மூன்றாவது தானே வரும். விடை தெரியாத கேள்விக்கு, "இதை நான் பார்க்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பது மதிப்பான விடை.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1973-இல் திருச்சியிலும் 1978-இல் காயல்பட்டினத்திலும் 1990-இல் கீழக்கரையிலும் இஸ்லாமியத் தமிழிலக்கிய மாநாடுகளைக் கூட்டிய சமுதாயம் இது. அத்தகைய அவைகளில் அமர்ந்து கேட்டவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். அவர்கள் தொடக்க விழாவில் பொன்னாடை பெற்றுத் திரும்பிவிடாமல், பிற்பகல் அமர்விலும் இருந்து பிள்ளைகளிடம் ஒரு கேள்வியாவது கேட்டருள வேண்டும். வரவேற்பும் வாழ்த்தும் ஒன்றரை மணி நேரம் நீண்டு, அந்நேரம் மாணவரின் பத்து நிமிடத்திலிருந்து கழிக்கப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எம் துறையின் அடுத்த கருத்தரங்கில் வாசிப்புக்குப் பத்து நிமிடம், கேள்விக்கு ஐந்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும் என்றும், ஐந்து நிமிடமும் கேள்விக்கு நின்றவர்க்கே சான்றிதழ் என்றும் துறைக் கூட்டத்தில் கூறியிருக்கிறேன். சிலர் கடுமை என்றனர். முதல் கேள்வியை நானே கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அது "கரி எங்கே?" என்பதாகத்தான் இருக்கும்.