ஓடும் செய்தியை நிறுத்தி வைக்கும் பெட்டி

பாறசாலையில் நமக்குத் தெரிந்த இல்லமொன்றில் நிகழ்ந்தது இது. தொலைக்காட்சியில் மாலைச் செய்தி. நெல் கொள்முதலைப் பற்றிப் பேச்சு. மலையாளப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பயிலும் பெயரன், "ஆச்சி, கொள்முதல் என்றால் என்ன?" என்று வினவினான். "உன் பள்ளியில் நெல்லு சம்பரணம் என்பார்களே, அதுதான்" என்று ஆச்சி சொல்லி முடிப்பதற்குள் செய்தி மழை நிலவரத்துக்குப் போய்விட்டது. தகப்பனாருக்குக் கோபம். அதன்பின் அந்தப் பிள்ளை ஐயம் கேட்கத் தயங்குகிறான்.

1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இங்குக் குடியேறி வாழும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் செவிவழியாகவே வருகிறது. ஆகவே, ஓடும் நிகழ்ச்சியை நிறுத்தி, விளக்கம் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை வீண் ஆடம்பரம் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. அதற்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்பதே கேள்வி.

நிறுத்துதல் என்பதில் மாயம் ஒன்றுமில்லை. விண்ணிலிருந்து வரும் படத்தைப் பெட்டி தன்னுள் எழுதிக்கொண்டே இருக்கிறது. நாம் தொடரும்போது எழுதியதைப் படித்துக் காட்டுகிறது. 2008-ல் டாட்டா ஸ்கை நிறுவனம் கொணர்ந்த 'பிளஸ்' பெட்டியில் இதற்கென ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது. இன்று சாதாரணப் பெட்டிகள் பலவற்றின் யு.எஸ்.பி. துளையில் ஒரு பென் டிரைவைச் செருகினால் அதே வேலை நடக்கிறது. சாதாரணத் தரப் படம் மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 ஜி.பி. வரை இடம் கொள்ளும், எச்.டி. படமாயின் 3 அல்லது 4. செய்தியை அரைமணி நிறுத்தி வைக்க 16 ஜி.பி. தாராளம்.

மாதச் சந்தா கட்ட இயலாத வீடுகளுக்கு நம் அபிப்பிராயம் தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது அது. டிஷ்ஷும் பெட்டியுமாகச் சுமார் 2,000 ரூபாய் ஒருமுறை செலவு; பிறகு கட்டணமில்லை. 2024 ஜனவரி வரை பொதிகை எனப்பட்ட டி.டி. தமிழும், டி.டி. மலையாளமும் அதில் வருகின்றன. சன் டி.வி. தொடர்கள் வாரா; அவையின்றி இருக்கமாட்டோம் என்போர் சந்தாவுக்கே போகவேண்டும். (நம் இல்லத்திலும் இதுகுறித்து இன்னும் சமரசம் ஏற்படவில்லை.)

எம்பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 ஒளிபரப்பையும் அது காட்டும். யு.எஸ்.பி. துளை இருப்பதாலேயே நிறுத்தும் வசதி உண்டென்று நம்பிவிடாதீர்கள். சில பெட்டிகளில் அத்துளை பாட்டுக் கேட்க மட்டுமே. நாமே இவ்வாறு ஒருமுறை ஏமாந்தோம். பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகி, ஓடும் நிகழ்ச்சியை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். பெட்டி அதை முதலில் அழித்துத் தன் முறைக்கு மாற்றக்கூடும். ஆதலால் திருமணப் படங்கள் உள்ளதைக் கொண்டுபோக வேண்டா. களியக்காவிளையோ நெய்யாற்றின்கரையோ, பழுதானால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வசதியான கடையே நல்ல கடை.

மின்சாரம் போனாலும், சானலை மாற்றினாலும், நிறுத்தி வைத்தது பெரும்பாலும் அழிந்துவிடும். பெருமழையில் படம் அறுந்தால் இவ்வசதி உதவாது; வந்து சேராததைப் பெட்டி எங்ஙனம் எழுதும்? டிஷ்ஷைப் பொறுத்தவரை, 2015-ல் ஏவப்பட்ட ஜிசாட்-15 நம் ஊர்களிலிருந்து கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, வானில் நன்கு உயரத்தில் நிற்கிறது. அத்திசையில் தென்னை மட்டை மறைக்கிறதா என்று பாருங்கள். இன்று மறைக்காத கன்றும் நான்கு ஆண்டில் மறைக்கும்.