ஆஸ்திரேலியாவில் மறைந்திருந்த பாறு கழுகு

கேள்வி: ஆஸ்திரேலியாவில் அவ்வளவு ஆடு, மாடு வளர்க்கிறார்களே, செத்ததைத் தின்ன அங்கே பாறு கழுகு உண்டா?
– வாசகர், தாளவாடி வட்டாரம்

பதில்: இன்று இல்லை. செத்த ஆடு மாட்டைக் காக்கையும், ஆப்புவால் கழுகு என்ற பெரிய கழுகும்தான் அங்கே தின்கின்றன. ஆனால் ஒரு காலத்தில் பாறு கழுகும் இருந்திருக்கிறது. அது தெரியவந்ததே 2022-ல்தான். அதற்காக யாரும் புதிதாகப் பாலைவனத்துக்குப் போய்த் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் வார்பர்ட்டன் ஆற்றுப் பக்கம் காலமுரினா என்ற இடத்தில், 1901-ல் உடைந்த சிறகெலும்பு ஒன்று கிடைத்தது. 1905-ல் டி விஸ் என்ற அறிஞர் அதைப் பார்த்து, அழிந்துபோன ஒரு கழுகு என்று எழுதி வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

பிறகு ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் எல்லன் மேத்தரும் குழுவினரும் அதை மறுபடி எடுத்து, மற்றக் கழுகுகளின் எலும்போடு ஒப்பிட்டார்கள். வெல்லிங்டன் குகைகளிலும் நல்லர்போர் சமவெளிக் குகை ஒன்றிலும் கிடைத்திருந்த எலும்புகளும் இதோடு சேர்ந்தன. காட்டிக்கொடுத்தது கீழ்க்கால் எலும்புதான். கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்தைப் பார்த்திருப்பீர்கள். இரையை இறுக்கிப் பிடிக்கக் காலில் சதை வலு வேண்டும். அந்தச் சதை ஒட்டியிருந்த தடம் எலும்பில் தெரியும். இந்தப் பறவையின் காலில் அந்த வலு இல்லை. உயிருள்ளதைப் பிடிக்கிற கால் அல்ல, பிணத்தின் பக்கத்தில் நின்று தின்கிற கால். 'கிரிப்டோகிப்ஸ்' என்று புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள். மறைந்திருந்த பாறு என்று பொருள்.

காண்டாமிருகம் அளவுள்ள டைப்ரோட்டோடான் போன்ற விலங்குகள் அங்கே மேய்ந்த காலத்தில் இது வாழ்ந்தது. அவை அழிந்தன, தின்னப் பிணம் இல்லை, பாறும் போயிற்று என்று கருதுகிறார்கள்.

நம் ஊர்ப் பாறுகளுக்குத் தீனிப் பஞ்சம் இல்லை, தீனியில்தான் விஷம். மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தால் பாறின் வயிற்றுக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 2004-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் தடையாயின. ஆனாலும் மனிதருக்கு விற்கும் டைக்ளோஃபெனாக் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்கள் இன்னும் உண்டு. மலிவு என்பார்கள்.

தாளவாடிக்காரருக்கு இது தூரத்துச் சேதி அல்ல. தமிழ்நாட்டில் பாறுகள் மிஞ்சியிருக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது. மாட்டுக்கு வலி மருந்து தேவைப்பட்டால் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். அது பாறுக்குக் கெடுதல் செய்யாது. என்ன ஊசி போட்டது என்று தெரியாமல் செத்த மாட்டைக் காட்டோரம் வீசாமல், ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.