பாபா வழியும் மாமா வழியும்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி முனைவரை நமது கரையோரத்தில் மலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. வெங்காயப் பாத்தியும் உப்பளமும் தென்னந்தோப்புமாகத் தரை ஒரே மட்டமாகக் கிடக்கிறது. இந்தச் சமதரையில் வாழும் குடும்பங்களைப் பார்த்து, "கூட்டமாகச் சேர்ந்து மலையேறப் பழகுவோம்" என்று இம்முறை சொல்ல விரும்புகிறோம். சிலர் சிரிக்கலாம். ஆயினும் முழுவதும் வாசித்தபின் முடிவு செய்யுங்கள்.

இந்நாட்டின் பழைய மலை யாத்திரைகளுள் விரிவான குறிப்பு எஞ்சியுள்ள ஒன்று இதே கரையிலிருந்துதான் புறப்பட்டது. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவுக்குப் போகும் வழியில் காற்றால் திசைமாறி இலங்கைக் கரையில் ஒதுங்கினார். அவர் 'பத்தாலா' என்று எழுதிய இடம் புத்தளம் என்பதே அறிஞர் கருத்து. அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை உபசரித்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதே விருந்தாளி கேட்டது. மன்னர் ஒரு பல்லக்கையும், ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்வரும் 4 யோகிகளையும், 3 பிராமணரையும், தமது பரிவாரத்தில் 10 பேரையும், உணவுப் பொதி சுமக்க 15 பேரையும் கூட்டி அனுப்பினார். வழியில் ஓர் ஊரில் நோய்ப்பட்டுத் தனித்துக் கிடந்த குராசான் நாட்டு முஸ்லிம் ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அனுப்பியவர் இந்து மன்னர். போனவர் முஸ்லிம். வழிகாட்டியவர்கள் யோகிகள். அந்த மலையைச் சைவர்கள் சிவனொளிபாதமலை என்கிறோம். முஸ்லிம்கள் பாவாத மலை என்கிறார்கள். சிங்கள மக்களுக்கு அது ஸ்ரீபாத. அங்குள்ள பாதம் புனித தோமையாருடையது என்று நம்பிய கிறிஸ்தவர்களும் உண்டு. 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த ஒரு மலையில் நால்வருக்கும் இடம் இருக்கிறது. அடிவாரத்தில் வாழும் நமக்குள்தான் இடம் போதாமல் போய்விடுகிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் இம்மாவட்டத்துக்கே வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டியில் கரையேறினார்கள். முதலில் அவர்களுக்குச் சோறு கொடுத்தவர்கள் இவ்வூர் மக்கள். பின்னர் நிலம், தண்ணீர், கூலிவேலை, பாடசாலை அனுமதி என்று ஒவ்வொன்றிலும் 'வந்தவர்', 'இருந்தவர்' என்ற பேச்சு வளர்ந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் அச்சம் புகுந்தது. அடுத்த மாதமே இம்மாவட்டத்தின் சிலாபத்திலும் கொட்டாரமுல்லையிலும் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிரும் போனது. நல்லிணக்கக் கருத்தரங்குகள் பல நடந்தன. ஆனால் மண்டபத்தில் அருகருகே இருந்தவர்கள் பஸ் ஏறியதும் பிரிந்துவிடுகிறார்கள். செங்குத்துப் படியில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலை மற்றவர் வாங்கிக் குடித்தால் அந்த உறவு கொஞ்சம் நின்று நிலைக்கும் என்பது எமது எண்ணம்.

மலைநடை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பார்கள். இங்கிலாந்தில் அதற்காகப் போராடியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மன்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கின்டர் ஸ்கௌட் மலையில் ஏறினார்கள். ஐவர் சிறை சென்றார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடப்பதற்கும் அங்கு சட்டம் வந்தது. இன்று அந்நாட்டு நடைச் சங்கங்கள் ஒவ்வொரு நடையையும் இலகு, நடுத்தரம், கடினம் என்று முன்கூட்டியே தரம் பிரித்து அறிவிக்கின்றன. தன் உடலுக்கு ஏற்றதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளலாம்.

இப்னு பதூதாவும் இரு தரங்களைக் குறிப்பிட்டார். மலைக்குப் பாபா வழி, மாமா வழி என இரண்டு பாதைகள் இருந்தனவாம். பாபா என்பது ஆதமையும், மாமா என்பது ஹவ்வா அன்னையையும் குறித்தது. மாமா வழி இலகுவானது. திரும்பி வருவதற்கு உரியது. பாபா வழி கடினமானது. பாறையில் வெட்டிய படிகளில், தொங்கும் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டும். பத்தாவது சங்கிலியில் நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்று பயந்து கலிமாச் சொல்வதால் அதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். மாமா வழியால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே அங்குள்ளோர் கணிப்பதில்லை என்றும் அவர் எழுதினார்.

இந்தக் கடைசிக் கருத்தோடு நாம் உடன்படவில்லை. கடினமான வழியால் போனவர் மட்டுமே யாத்திரிகர் என்ற எண்ணம் நம் வாழ்விலும் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் சிலர் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பிக் காடு வெட்டினார்கள். சிலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் தங்கினார்கள். போனவர் தங்கியவரைப் பார்த்து, "ஊரை மறந்துவிட்டீர்கள்" என்கிறார். தங்கியவர் போனவரைப் பார்த்து, "பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாழாக்கினீர்கள்" என்கிறார். ஒவ்வொரு குடும்பமும் தன் சுமைக்கும் தன் காலுக்கும் ஏற்ற வழியைத் தெரிந்தது. அதில் மேல் கீழ் பார்ப்பது நியாயமல்ல.

ஆகவே பங்கும் பள்ளிவாசலும் கோவிலும் விகாரையும் விவசாயிகள் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு நடைக் குழுவை ஆரம்பிக்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். முதல் தரம், களப்புக் கரையோரமாகவோ தலவில வரையோ ஒரு காலை நடை. இதற்கு முதியவர்களும் வரலாம். இரண்டாம் தரம், குருநாகல் மாவட்டத்து யாப்பகுவ. 13ஆம் நூற்றாண்டுத் தலைநகரான அதன் குன்று ஏறத்தாழ 90 மீற்றர் உயரம். படிகள் செங்குத்தானவை. முழங்கால் தாங்குமா என்று அங்கே தெரிந்துவிடும். மூன்றாம் தரம், ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதம். இதுவே குறுகிய பாதை. ஆயினும் ஆயிரக்கணக்கான படிகள் உண்டு. நான்காம் தரம், இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல பாதை. அது அதைவிட நீளமும் கடினமுமானது. பழகியவர்களுக்கு மட்டும்.

சில ஒழுங்குகள் அவசியம். முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் பொறுப்பான ஒருவர் நடக்க வேண்டும். எவரும் கடைசி ஆளுக்குப் பின்னால் தங்கக் கூடாது. குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. புறப்படும்போதும் திரும்பும்போதும் ஆட்களை எண்ணுங்கள். நெஞ்சுநோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வர வேண்டாம். உச்சியில் குளிர் அதிகம்; நம் கரையோர உடுப்புப் போதாது. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரையே யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் கடுமை. பெண்களின் குழுவுக்குப் பெண் தலைவியையே நியமியுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கூலிக்கு வெங்காயம் பிடுங்கும் வீட்டுக்கு ஒரு நாள் வருமானம் போவது சிறிய விடயமல்ல. எனவே முதல் இரு தரங்களையும் வேலை குறைந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் சிறுதொகை சேமித்தால் ஒரு பஸ்ஸைச் சேர்ந்து பிடிக்கலாம். சமையலை எல்லோரும் உண்ணக்கூடிய மரக்கறியாக வைத்தால் எவருக்கும் சங்கடமில்லை.

இந்தக் காலாண்டில் உங்கள் ஊரில் பத்துப் பேர் கூடுங்கள். அந்தப் பத்துப் பேரும் ஒரே சமயத்தவராக இருந்தால், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியபின் கூட்டத்தைத் தொடங்குங்கள்.