பத்து நாள் ஆடிய சென்னை அணி



தாயில்பட்டியில் மாலை மக்தப் விட்டதும், தெருமுனையில் கிடக்கும் காலியிடம் மைதானமாகிவிடும். பக்கத்துக்கு ஐந்து பேர். இரண்டு செங்கல் வைத்தால் கோல் தயார். பந்து உயர எழுந்தால் அடுத்த வீட்டு ஓட்டின்மீது விழும்; வசவும் விழும். அதனால் தரையோடு தரையாக உருட்டியே பிள்ளைகள் பழகியிருக்கின்றனர்.

சென்ற மாதம் அவர்களில் ஒருவனுடைய தகப்பனார் என்னைத் தேடி வந்தார். பட்டாசு ஆலைத் தொழிலாளி. கையில் ஒரு துண்டறிக்கை. "அஜ்ரத், உள்ளரங்கக் கால்பந்து லீக்காம். தேர்வுக்குப் பணம் கட்டினால் பையனைச் சேர்த்துக்கொள்வார்களாம். ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டுப் போகிறேன் என்கிறான். கட்டலாமா?" என்றார். கேட்டிருந்த தொகை அவருடைய இரண்டு மாதக் கூலி. இவர் ஆலைக்குப் போன நாளிலிருந்து, மகன் அங்கே போகக் கூடாது என்பதுதான் இவருடைய ஒரே ஆசை.

நான் உடனே பதில் கூறவில்லை. சென்னைக்கென்று ஓர் உள்ளரங்கக் கால்பந்து அணி இருந்த கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1930ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் தலைநகரான மான்டிவிடியோவில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர், மழை நாளிலும் பிள்ளைகள் ஆடுவதற்காகக் கூரைக்குக் கீழ் ஒரு கால்பந்தை வகுத்தார். அதுவே இன்று ஃபுட்ஸால் எனப்படுகிறது. பக்கத்துக்கு ஐவர், நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட களம், அதிகம் துள்ளாத சிறிய பந்து. இடம் குறைவாதலால் யோசிக்க நேரம் இராது. கால்தான் யோசிக்க வேண்டும். நம் தெருப்பிள்ளைகள் ஓட்டுக்குப் பயந்து ஆடுவது ஏறக்குறைய இதுவே.

2016 ஜூலை 15 அன்று, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 'பிரீமியர் ஃபுட்ஸால்' என்னும் போட்டி தொடங்கிற்று. ஆறு நகரங்களின் பெயரில் ஆறு அணிகள். போர்ச்சுகலின் லூயிஸ் ஃபிகோ இந்த லீக்கின் தலைவர். கோவாவுக்கு ரொனால்டினோ, மும்பைக்கு ரயான் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ் என்று ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெரிய பெயர். நம் 'சென்னை ஃபைவ்ஸ்' அணிக்கு வாய்த்தவர் பிரேசிலின் ஃபால்காவ். மற்றவர்கள் பெரிய மைதானத்தில் புகழ் பெற்று, ஓய்வுக்குப் பிறகோ ஓய்வை நெருங்கியோ அரங்குக்கு வந்தவர்கள். ஃபால்காவ் அரங்கிலேயே வளர்ந்தவர். 2005இல் சாவோ பாலோ கழகத்தின் பெரிய மைதான அணியில் சில மாதம் ஆடிவிட்டு, அது ஒத்துவராமல் அரங்குக்கே திரும்பினார். 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியில் இருந்தவர். விவரம் தெரிந்தவர்களுக்கு, ஆறு அணிகளுள் உண்மையான பொக்கிஷம் சென்னையிடம்தான் இருந்தது.

ஆயினும் ஜூலை 24 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னை இல்லை. மும்பையும் கொச்சியும் மோதின. பெனால்டியில் மும்பை வென்றது. பத்தே நாள்! ரொனால்டினோகூடத் தம் அணிக்காக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்துவிட்டு, போட்டி முடியுமுன்பே ஊர் திரும்பிவிட்டார். அவரிடத்துக்கு கஃபு வந்தார்.

இங்கே சற்று விலகி ஒரு செய்தி சொல்ல அனுமதியுங்கள். சென்னையை விட்டுப் போன இரண்டாம் மாதமே, கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பையில் ஃபால்காவின் பிரேசில் ஈரானைச் சந்தித்தது. அவர் மூன்று கோல் அடித்தார். ஆட்டம் 4-4 என்று முடிந்து, பெனால்டியில் ஈரான் வென்றது. வென்றவர்கள் தங்கள் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டு, தோற்ற ஃபால்காவைத் தூக்கி வானில் எறிந்து பிடித்து மரியாதை செய்தனர். அது அவருடைய கடைசி உலகக் கோப்பை. இந்த ஈரான் திடீரென்று முளைத்த அணியன்று. 1999இல் ஆசியப் போட்டி தொடங்கிய நாள் முதல் ஒரு டஜன் முறைக்கு மேல் பட்டம் வென்ற நாடு.

சென்னை அணிக்கு வருவோம். அதன் உண்மையான நோவு தோல்வியில் இல்லை, வேரில் இருந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இந்த லீக்கை ஏற்கவில்லை. தன் அனுமதியில்லாத போட்டி என்று வெளிப்படையாகவே அறிவித்தது. உலகில் ஃபுட்ஸாலுக்கு இரண்டு வீடுகள் உண்டு: ஃபிஃபா ஒன்று, அதற்கு வெளியே தனிச் சங்கம் ஒன்று. லீக் இரண்டாம் வீட்டைச் சார்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரியவர்களுக்கு இதனால் நட்டமில்லை, ஊதியத்தோடு திரும்பிவிடுவார்கள். முதல் வீட்டில் பெயரைப் பதிந்துவிட்டு, நாளை மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆட நினைக்கிற நம் பிள்ளை எங்கே நிற்பான்?

2017இல் அணிகளின் பெயர்கள் மாறின. சென்னை அணி 'சென்னை சிங்கம்ஸ்' ஆயிற்று. போட்டி மும்பையில் தொடங்கி, பெங்களூரில் தொடர்ந்து, துபாயில் முடிந்தது. மறுபடியும் மும்பையே வென்றது. மூன்றாம் ஆண்டுப் போட்டி என்று ஒன்று வரவேயில்லை. அணியும் அதோடு போயிற்று.

பிறகு 2021 நவம்பரில் சம்மேளனமே முதல் ஃபுட்ஸால் கழகப் போட்டியை டில்லியில் நடத்தியது. இறுதியாட்டத்தில் டில்லி எஃப்.சி. 7-2 என்று வென்றது. தோற்றது எந்த அணி தெரியுமா? கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங். 1891இல் தோன்றி, 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம். தொடர்ந்து ஐந்தாண்டு அதைத் தன்னிடமே வைத்திருந்தது. அதன் வீரர் முகம்மது சலீம், 1936இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காகக் காலில் துணிக்கட்டோடு, பூட்ஸ் இன்றி ஆடினார். அரங்குக்குள் தோற்றபோதும் அக்கழகம் கலைந்துவிடவில்லை. 2024இல் இந்திய சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. சென்னை ஃபைவ்ஸுக்கு இப்படித் திரும்பிப் போக ஒரு வீடு இருந்ததில்லை.

இவ்வளவையும் கேட்ட தகப்பனார், "அப்படியானால் ஆடவே வேண்டாமா அஜ்ரத்?" என்றார். அவர் முகம் வாடியிருந்தது.

"ஆடட்டும். பையனின் காலில் ஆட்டம் இருப்பதை நானே பார்க்கிறேன். ஆனால் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சங்கத்தில் பதிவு? போட்டி முடிந்த மறுநாள் பையனுக்குப் பயிற்சி தருபவர் யார்? கட்டும் பணத்துக்கு ரசீது உண்டா? பள்ளியை மட்டும் எந்தப் பதிலுக்காகவும் நிறுத்தாதீர்கள்" என்றேன்.

என் எதிரிலேயே துண்டறிக்கையிலிருந்த எண்ணுக்குப் பேசினார். மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து, "நாளை சொல்கிறோம்" என்று ஒரே பதில் வந்தது. இந்தப் பக்கத்தை நான் எழுதும்வரை அந்த நாளை வரவில்லை.

பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாடம் முடிந்ததும் தயங்கித் தயங்கி அருகே வந்து, "அஜ்ரத், தோத்தவரையா தூக்கிப் போட்டுப் பிடிச்சாங்க? நிசமாவா?" என்றான். ஆம் என்றேன். செங்கல்லை எடுத்துக்கொண்டு ஓடினான்.