"எவடம்?" என்று கேட்டு ஒரு வாசிப்பு வட்டத்தைக் குலைப்பது எப்படி?

லாச்சப்பலில் நாலு தமிழர் சேர்ந்தால் ஐந்து சங்கம் தொடங்குவார்கள் என்று ஒரு பழைய பகிடி உண்டு. ஊர்ச் சங்கம் இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, கோயில் சபை இருக்கிறது, விளையாட்டுக் கழகம் இருக்கிறது. ஒரு புத்தகத்தை வாசித்துவிட்டு வந்து, முன்பின் தெரியாத நாலு பேரோடு இருந்து கதைப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. சரி, நாங்களே தொடங்குவோம் என்று வெளிக்கிட்டோம். அதை நான் எப்படிக் குலைத்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. திட்டுவதற்கு ஆள் தேடுபவர்கள் முதலில் என்னையே திட்டலாம்.

ஆறு பேர். புத்தகக் கடையில் தட்டுக்குமுன் நின்று கதைத்துப் பழக்கமானவர்கள்தான். டாக்சி ஓடும் அண்ணை ஒருவர். ஒபிசுகள் துப்புரவு செய்யும் அக்கா ஒருவர். பாண்டிச்சேரி ஐயா ஒருவர். இங்கேயே பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு பிள்ளை. வந்து சில வருடமேயான ஒரு தம்பி. பிறகு நான். றெஸ்ரோறண்ட் குசினிக்காரனான எனக்குத் திங்கட்கிழமைதான் லீவு. அதனால் திங்கள் பின்னேரம் நாலு மணி, காரே து நோர் பக்கத்துக் கபே ஒன்று என்று முடிவாயிற்று.

விசயம் வெளியில் தெரிந்ததும் புத்தி சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். "உதைப் பதிய வேணும், தலைவர், செயலாளர், பொருளாளர் போட வேணும், பேரில்லாமல் என்னெண்டு நடத்துறது?" என்று ஒருவர். "முதல் கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆளைக் கூப்பிடுங்கோ" என்று இன்னொருவர்.

பதிவது பெரிய வேலையே இல்லை. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு பேர் இருந்தாலே ஒரு சங்கம் அமைக்கலாம். ஆனால் வெளிநாட்டவருக்கு அது சும்மா கிடைத்த உரிமை அல்ல. 1939இல் வந்த ஒரு சட்டத்தால், வெளிநாட்டவர் சங்கம் அமைப்பதென்றால் உள்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும் என்றிருந்தது. அதை நீக்கியது 1981 ஒக்டோபர் 9ஆம் திகதிச் சட்டம். அதே வருடம், ஜூன் முதல் நாளோடுதான் யாழ்ப்பாண நூலகம் 97,000 வரையான புத்தகங்களோடு எரிந்து முடிந்தது. அங்கே எங்கள் புத்தகங்கள் எரிந்து நாலு மாதத்தில், இங்கே எங்களைப் போன்றவர்களுக்கு "ஒருவரையும் கேட்காமல் கூடுங்கள்" என்று சட்டம் சொல்லியது. அந்த உரிமையை வைத்து நாங்கள் செய்தது என்ன? பொன்னாடை போர்த்தினோம்.

எங்கள் நூல் வெளியீட்டு விழாக்களை யோசித்துப் பாருங்கள். மங்கள விளக்கு, அகவணக்கம், தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை. என்வலப்போடு முதற்பிரதி, பிறகு சிறப்புப் பிரதிகள், போட்டோ, வடை, தேத்தண்ணி. "நான் இன்னும் இந்த நூலை முழுமையாக வாசிக்கவில்லை, இருந்தாலும்..." என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். வாங்கிய புத்தகம் ரீவிக்குக் கீழே கிடக்கும். எழுதினவனுக்கு மண்டபக் காசு மிஞ்சினால் புண்ணியம். இதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேறு மாதிரியும் நாங்கள் கூடியிருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, தலைவரோ யாப்போ இல்லாமல் ஊர் ஊராக, நாடு நாடாகப் போயிற்று. பரிசிலும் நடந்தது, 2013இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. ஆகவே தலைவர் இல்லாமல் தமிழன் கூடமாட்டான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகவே தலைவர் இல்லை, பெயர் இல்லை, பொன்னாடை இல்லை என்று தொடங்கினோம். முதல் கூட்டம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது கூட்டத்துக்கு கே. டானியலின் 'பஞ்சமர்'. இருந்தது ஒரே ஒரு பிரதி. ஆறு பேருக்கும் கை மாறிக் கை மாறி ஒரு சுற்று வர இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று.

1972இல் வந்த நாவல். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்டத்தை அந்தப் போராட்டத்துக்குள் நின்ற ஒருவரே எழுதியது. தேத்தண்ணிக் கடைக்குள் இருந்து குடிக்கும் உரிமைக்காகவும், கோயிலுக்குள் போகும் உரிமைக்காகவும் ஆட்கள் அடிவாங்கிய காலம். 1966 ஒக்டோபரில் சங்கானை ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரம். இதையெல்லாம் நான் அன்றைக்கு நல்ல உசாராக விளங்கப்படுத்தினேன். பாண்டிச்சேரி ஐயா குறிப்பெடுத்தார். பிள்ளை, "கடைக்குள்ள இருந்து ரீ குடிக்க விடாததுக்கு ஏன் பொலிஸ் வரேல்லை?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

அந்தத் தம்பி அதிகம் கதைக்கவில்லை. ஆனால் கதைத்த நாலு வசனமும் நாங்கள் எல்லோரும் கதைத்ததை விடக் கூர்மை. எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் கேட்டேன்:

"தம்பி, ஊரில எவடம்?"

"வடமராட்சி."

"வடமராட்சியில எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அங்க எவடத்தில? கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?"

மேசை அடங்கிப் போனது. அக்கா கோப்பிக் கோப்பையைப் பார்த்தார். டாக்சி அண்ணை போனை எடுத்தார். தம்பி, "எனக்கு வேலைக்கு நேரமாகுது" என்று எழும்பிப் போனான். பாண்டிச்சேரி ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னங்க, ஊர் தானே கேட்டீங்க? ஏன் எல்லாரும் இப்படி ஆயிட்டீங்க?" என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல எங்கள் நாலு பேருக்கும் நாக்கு எழவில்லை. கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் ஊரில் என்ன கேட்டதாக அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். கையில் 'பஞ்சமர்' புத்தகத்தை வைத்துக்கொண்டே அதைக் கேட்டவன் நான்.

தம்பி அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு கிழமை கழித்துப் புத்தகத்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். உள்ளே பத்துப் பன்னிரண்டு இடத்தில் மெற்றோ ரிக்கற்றைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தான். அந்த இடங்களைப் பற்றி அவன் கதைக்க இருந்திருக்கிறான்.

"சும்மா பாசத்திலதானே கேக்கிறது" என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் உண்மையும் இருக்கிறது. நான் பரிசுக்கு வந்த புதிதில் எனக்குப் படுக்க இடம் கிடைத்தது இந்தக் கேள்வியால்தான். எவடம் என்று கேட்ட ஒருவர்தான் தன் அறையில் ஏழாவது ஆளாக என்னைச் சேர்த்தார். ஆனால் அதே கேள்வியால் அறை கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் அன்றைக்கு யோசித்ததே இல்லை. கிடைத்தவனுக்கு அது பாசம்தான்.

"அந்தக் காலத்தில ஆள் ஆரெண்டு தெரியாமல் கதைக்கேலாது" என்றும் சொல்வீர்கள். அதுவும் சரி. 1994 மே முதலாம் திகதி, இதே பரிசில், எழுத்தோடும் பதிப்போடும் நின்ற சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில் புதுமுகத்தைக் கண்டால், இவன் யார், எந்தப் பக்கம் என்று மனம் கேட்டது. பயத்துக்குக் காரணம் இருந்தது. யுத்தம் 2009 மேயில் முடிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பயத்தைச் சாட்டாக வைத்துச் சாதி விசாரிப்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டவர்களை எண்ணிப் பாருங்கள். சென்றியில் ஆமிக்காரன் கேட்டான். இங்கே வந்தால் ஒப்ராவில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: எந்த ஊர், ஊரில் என்ன கோயில், பக்கத்தில் என்ன பள்ளிக்கூடம். ஒவ்வொரு முறையும் பிழையான பதில் வந்துவிடுமோ என்று நெஞ்சு இடித்தது. இத்தனைக்குப் பிறகும் அதையே ஒரு கோப்பிக் கடையில், ஒரு பெடியனிடம் கேட்கிறோம். அவனுக்கும் அப்படித்தான் இடித்திருக்கும்.

புத்தகம் வாசிக்கக் கூடுகிற இடத்தின் பலனே, யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் ஒருவர் சொல்வதைக் கேட்க முடிவதுதான். ஊர்க்காரரோடு கதைக்க ஊர்ச் சங்கம் இருக்கிறது. இங்கேயும் அதே விசாரணை என்றால், எங்களுக்கு டானியலும் வேண்டாம், ஒருவரும் வேண்டாம். மண்டபம் எடுத்து விளக்கேற்றிவிட்டுப் போகலாம்.

இப்போது ஐந்து பேராகத் தொடர்கிறோம். குளிருக்குக் கபேயில் இருந்து கட்டுபடியாகாவிட்டால் பஜோல் தெருப் பக்கம் 2013இல் திறந்த வாட்ஸ்லாவ் ஹாவல் நூலகம் இருக்கிறது. பரிஸ் நகரசபை நூலகத்தில் சேரக் காசும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. நீங்களும் உங்கள் நகரத்தில் இப்படி ஒன்று தொடங்குங்கள். மூன்றே மூன்று விதிதான்: தலைவர் வேண்டாம், வாசிக்காமல் பேச வேண்டாம், எவடம் என்று கேட்க வேண்டாம்.

தம்பி, இதை வாசித்தால்: திங்கள் நாலு மணி, அதே மேசை. அந்த ரிக்கற் துண்டுகளை நான் எடுக்கவில்லை, வைத்த இடத்திலேயே இருக்கின்றன. முதலில் மன்னிப்புக் கேட்பேன். பிறகு அந்தப் பக்கங்களைப் பற்றி மட்டும்தான் கேட்பேன்.