கடைசி மணிக்குப் பின்னும் பள்ளிக்கூடம் உண்டு

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த சில வாரங்களில், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் கையில் ஒரு தாள் வீட்டுக்கு வரும். சாரணர் படை, தேசிய மாணவர் படை, பேச்சு மன்றம், விநாடி-வினாக் குழு, பாடகர் குழு, இயற்கை மன்றம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். பிள்ளை எதில் சேர விரும்புகிறது என்று குறித்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் உள்ள தமிழ்த் தொழிலாளர் வீடுகள் பலவற்றில் அந்தத் தாள் கையெழுத்து இல்லாமலே கிடந்துவிடுகிறது. "முதலில் படிக்கிற வேலையைப் பார். ஆட்டமும் பாட்டும் சோறு போடுமா?" என்று தகப்பனார் கேட்கிறார். சீருடைக்கு எவ்வளவு ஆகும், முகாமுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று தாயார் கணக்குப் பார்க்கிறார். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. கட்டணம் கட்டி வாங்கிய கல்வியில் ஒரு பெரும் பகுதி அப்போதே கைவிட்டுப் போய்விடுகிறது. இது வருந்தத்தக்கது, மாற்ற முடியாததும் அல்ல.

இந்த மன்றங்களைப் படிப்புக்கு மேலே ஒட்டிய அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சேசு சபையார் தங்கள் பள்ளிகளுக்கென்று 1599-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வி விதி நூலிலேயே மாணவர் மன்றங்களுக்குத் தனி விதிகள் உண்டு. வகுப்பில் படித்ததை மாணவர்கள் கூடி விவாதிக்க வேண்டும், பேசிப் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். தூரின் நகரத்தில் டான் போஸ்கோ 1841-ஆம் ஆண்டில் வேலை தேடி வந்த ஏழைச் சிறுவர்களைக் கூட்டியபோது, வழிபாட்டோடும் பாடத்தோடும் விளையாட்டு, பாட்டு, நாடகம் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தார். விளையாட்டுத் திடலில் ஆசிரியரும் பிள்ளைகளோடு நிற்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவர் கூட்டிச் சேர்த்தவர்கள் வசதி படைத்தோரின் பிள்ளைகள் அல்லர் என்பதைப் பள்ளி நிர்வாகங்களும் மறந்துவிடக் கூடாது.

சோறு போடுமா?

தகப்பனார் கேட்கும் கேள்வி நியாயமானது. அதற்கு நேராகவே பதில் சொல்லலாம். தேசிய மாணவர் படையின் இளநிலைப் பிரிவில் இரண்டாண்டுப் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதினால் 'ஏ' சான்றிதழ் கிடைக்கிறது. ராணுவத்தில் வீரர் பணிக்கு ஆள் எடுக்கும்போது தேசிய மாணவர் படைச் சான்றிதழுக்கு ஊக்க மதிப்பெண் உண்டு. ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருப்பதைப் பலரும் அறிவார்கள். சாரணர், சாரணியருக்கும் அங்கே தனி ஒதுக்கீடு இருப்பதை அறிந்தவர்கள் குறைவு. இடங்கள் கொஞ்சமே. ராஷ்டிரபதி விருது பெற்ற சாரணராக இருக்க வேண்டும், தொடர்ந்து இயக்கத்தில் பணியாற்றியிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தபின் விண்ணப்பத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தகுதியைத் தேடினால் கிடைக்காது. பள்ளிப் பருவத்தில் அந்தத் தாளில் போடும் கையெழுத்திலிருந்து அது தொடங்குகிறது.

வேலைக்கு அப்பாலும் பலன் உண்டு. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவது, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரியத்தை முடிப்பது, தோற்றபின் ஜெயித்தவனிடம் கைகுலுக்குவது ஆகியவற்றை எந்தப் பாடப் புத்தகமும் கற்றுத் தருவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை இவற்றை வீட்டிலும் உறவினர் கூட்டத்திலும் பழகிவிடுகிறது. சுமை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர், வீட்டு வேலைக்குப் போகும் தாயார் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை. பின்னாளில் நேர்முகத் தேர்வில் விடை தெரிந்தும் வாய் வராமல் திரும்புகிறவர்களில் இவர்கள் அதிகம்.

இந்தியாவில் பொதுமக்கள் கலந்துகொண்ட முதல் விநாடி-வினாப் போட்டி என்று சொல்லப்படுவது 1967-ஆம் ஆண்டில் கல்கத்தாவில், ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் மண்டபத்தில் நடந்தது. அதை நடத்தியவர் நீல் ஓபிரையன். ஒரு மண்டபம், சில நாற்காலிகள், ஆர்வமுள்ள ஒருவர் இருந்தால் போதும் என்பதற்கு அது சான்று. அங்கே தொடங்கிய பழக்கம் நாடு முழுதும் பள்ளிகளுக்குப் பரவியது.

நேரமும் பணமும்

ஆர்வம் இருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதற்கு இரண்டு காரணங்கள் பெரியவை. முதலாவது நேரம். பெரும்பாலான மன்றங்கள் கடைசி மணி அடித்த பிறகே கூடுகின்றன. கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் பெங்களூர் வந்து வேலை பார்த்துத் திரும்புவதே அங்குள்ள பல்லாயிரம் பேரின் பிழைப்பாகிவிட்டது. விடியுமுன் கிளம்பும் பெற்றோர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், தண்ணீர் பிடித்து வைப்பதும், உலை வைப்பதும் மூத்த பிள்ளையின் பொறுப்பு. அது பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாலை ஐந்தரை மணி வரை ஒத்திகைக்கு நில் என்றால் அந்தப் பிள்ளை எப்படி நிற்கும்? "ஆர்வமில்லாத பிள்ளை" என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். ஆர்வத்துக்குக் குறைவில்லை, வீட்டில் வேறு ஆள் இல்லை.

இரண்டாவது பணம். சாரணர் சீருடை, கழுத்துத் துணி, பூட்ஸ், முகாம் கட்டணம், ஆண்டு விழா நாடகத்துக்கு வாடகை உடை, போட்டிக்குப் போய்வரப் பேருந்துச் செலவு என்று சின்னச் சின்னத் தொகைகளாக வருகின்றன. மாதச் சம்பளக்காரருக்கு இவை பெரிதாகத் தெரியாது. அன்றாடக் கூலி வாங்குகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் சமையல்.

இதன் விளைவைப் பள்ளி ஆண்டு விழாக்களில் பார்க்கலாம். வரவேற்புரை வழங்குவதும், நாடகத்தில் தலைமை வேடம் போடுவதும், பரிசு வாங்க ஆறு முறை மேடை ஏறுவதும் அதே பத்துப் பிள்ளைகள். மற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள்.

இதில் பெங்களூருக்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது. இந்தியாவின் முதல் சாரணர் படை 1909-ஆம் ஆண்டில் இந்த ஊரில்தான் தொடங்கியது. ஆனால் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே அதில் இடம். இந்தியச் சிறுவர்களுக்காக முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனியே ஒரு சாரணர் சங்கம் தொடங்க வேண்டியதாயிற்று. சாரணர் சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவானது 1950 நவம்பர் 7-ஆம் நாள். அன்று கதவை அடைத்தது நிறம். இன்று கதவு திறந்துதான் இருக்கிறது. வாசலில் சீருடை விலையும் கடிகாரமும் நிற்கின்றன.

மதம் பற்றிய அச்சம்

மூன்றாவதாக ஒரு தயக்கமும் சில இந்துத் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. பாதிரியார் பள்ளியில் மன்றத்தில் சேர்ந்தால் மதத்தில் சேர்த்துவிடுவார்களோ என்பதே அது. மரியாயின் சேனை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் போன்றவை கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கானவை. சாரணர் படையும் பேச்சு மன்றமும் விளையாட்டுக் குழுவும் எல்லோருக்கும் பொது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் எந்தப் பள்ளியிலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்ய முடியாது என்பது அரசியல் சட்டத்தின் 28-ஆவது விதி. பிற சமய மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2024-ஆம் ஆண்டில் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. பெற்றோர் சந்தேகம் இருந்தால் தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் கேட்கலாம். கேட்காமல் பிள்ளையைத் தடுப்பது பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியது

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை எளியோரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மைப் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டும் என்று 2025-இல் வேறொரு அமர்வு கருத்துத் தெரிவித்தது. வழக்கு எப்படிப் போனாலும், ஏழைகளுக்கே முதலிடம் என்று ஆயர் பேரவை 2007-ஆம் ஆண்டின் தன் கல்விக் கொள்கையில் எழுதிவைத்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் தாங்கள் எழுதிய சொல் தங்களைக் கட்டும் அல்லவா?

கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு பாடவேளையை, வெள்ளிக்கிழமை கடைசி வேளையாக இருந்தாலும் சரி, மன்றங்களுக்கென்று கால அட்டவணைக்குள்ளேயே வைக்க வேண்டும். எல்லாப் பிள்ளையும் ஏதாவதொரு மன்றத்தில் இருக்க வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். பாடம், பாடத்துக்கு அப்பாற்பட்டது என்ற கடுமையான பிரிவு வேண்டாம் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களின் சீருடைகளை வாங்கி வைத்து அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆண்டு விழா மேடையில் ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பு என்று வரையறுக்கலாம். பெண் பிள்ளைகள் வெளியூர் முகாமுக்குப் போகும்போது உடன் வரும் ஆசிரியை யார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதை எழுத்தில் தந்தால் தாய்மாரின் பாதி பயம் தீரும்.

தமிழுக்கும் இந்த ஏற்பாட்டில் ஓர் இடம் உண்டு. கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி கன்னடம் கட்டாயப் பாடம். அது முறையே, வாழும் மண்ணின் மொழியைப் படிக்காமல் இருப்பது தவறு. ஆங்கிலம் முதல் மொழி, கன்னடம் இரண்டாவது, இந்தி மூன்றாவது என்று ஆகும் பள்ளிகளில், தமிழ்ப் பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமலே பத்தாம் வகுப்பை முடித்துவிடுகிறது. புதிய பாடமும் வேண்டாம், புதிய ஆசிரியர் பணியிடமும் வேண்டாம். மன்ற வேளையில் கன்னட சங்கத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் ஒரு தமிழ் மன்றம் கூடினால் போதும். தமிழ்ப் பெற்றோரும் தங்கள் பிள்ளைகளைக் கன்னட சங்கத்தின் பேச்சுப் போட்டிக்கும் மனமுவந்து அனுப்ப வேண்டும். பல ஆண்டுகள் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. பெரியவர்களுக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்த காரியத்தைப் பிள்ளைகள் ஒரே தாழ்வாரத்தில் வாராவாரம் செய்துவிடுவார்கள்.

தமிழ்ச் சங்கங்களும் இப்பள்ளிகளின் முன்னாள் மாணவர்களும் இதில் சும்மா இருக்கக் கூடாது. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் ஒரு பள்ளியின் சாரணர் படைக்குச் சீருடை வாங்கிக் கொடுக்கலாம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் வாரம் ஒரு மணி நேரம் தரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் மனம் வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை தண்ணீர்க் குடத்தைத் தகப்பனார் தூக்கினால் குடி முழுகிப் போகாது. பள்ளியிலிருந்து வரும் அந்தத் தாளைப் படித்துப் பார்த்து, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பணம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். அதைப் படித்த பிறகும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பள்ளி எதுவானாலும், அது தன் வாசலில் எழுதிவைத்திருக்கும் புனிதரின் பெயருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.