காரின் திறப்பு யார் கையில்?

யாழ்ப்பாணத்து மத்தியதர வகுப்பினரின் வீடுகளில் ஒரு விசித்திரமான கொள்ளை நடைபெற்று வருகின்றது. கொள்ளையன் இரவில் வருவதில்லை. பட்டப்பகலில் வந்து, விறாந்தையில் அமர்ந்து, மாமியார் கையால் தேநீர் வாங்கி அருந்தி, "மாமா, இரண்டு கிழமைக்குக் காரைக் கொண்டுபோகிறேன்" என்று கூறித் திறப்பைப் பெற்றுச் செல்கின்றான். இரண்டு கிழமை இரண்டு வருடமாகின்றது. கார் திரும்புவதில்லை. கேட்பதற்கு எவருக்கும் வாய் எழுவதில்லை.

இதனைக் கொள்ளை என்று கூறியமைக்காக நம்மீது சினங்கொள்ளும் அன்பர்கள் உளர். மருமகன் மகனுக்குச் சமமன்றோ என்பது அவர்கள் வாதம். மகன் கொண்டுபோயிருந்தால் தகப்பன் நான்காம் நாளே தொலைபேசியில் ஏசியிருப்பான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது பணிக்கொடையுடன், மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தையுஞ் சேர்த்துப் பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினார். மனைவிக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். வைத்தியசாலைக்குப் போய்வரவே கார். அது மருமகனுடன் வவுனியாவுக்குப் போயிற்று. பதிவுப் புத்தகம் மாமனாரின் பெயரில். வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் காப்புறுதிக்கும் பணங் கட்டுபவர் மாமனார். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது, தமது அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பதிவுசெய்து, மருமகன் பெற்றோல் அடிப்பதற்கு அதனை அனுப்பிவைத்தவரும் அவரே! மனைவியோ முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குப் போனார். வேறொரு கார் வாங்கலாமென்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஓர் ஓய்வூதியக்காரர் எட்டிப்பிடிக்கக் கூடியதாகவா இருந்தது? அந்தக் கார் எங்கேனும் ஒருவரை மோதினால், பொலிசார் பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தேடிவரும் வாசலும் இவர் வாசலே.

இவ்வளவிலும் மகள் எங்கே? அவள் ஒரு தாதி. பஸ்சில் வேலைக்குப் போகின்றாள்.

நோயின் வேர் இங்கேதான் இருக்கின்றது. நமது சமுதாயத்தில் சீதனம் என்பது வேறு, இனாம் என்பது வேறு. இனாம் மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போகும் காசு. சீதனம் பெண்ணின் உடைமை. 1706 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையும் சீதனத்தைப் பெண்ணுக்குரியதாகவே கொள்கின்றது. 1911 ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவளது காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டுமென்று விலங்கிட்டது. ஆனால் அசையும் பொருளுக்கு அவ்விலங்கும் இல்லை. கார் அசையும் பொருள். மகளுக்குக் கொடுத்ததாயின் அதனை வைத்திருக்கவும் விற்கவும் அவளுக்கே அதிகாரம். மகளுக்குக் கொடுக்கவில்லையாயின் அது தகப்பனுடையது. எப்படிப் பார்த்தாலும் மருமகனுடையதாவதற்குச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தில் இல்லாத இடத்தை அவனுக்கு அளித்தது எது? காரைச் சீதனமென்றும் சொல்லாமல், இனாமென்றும் சொல்லாமல், "மருமகன் ஓடட்டும்" என்று திறப்பை நீட்டிய தகப்பனின் போலிக் கௌரவமே அளித்தது.

ஆம், தகப்பனையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. பெண்ணைப் பட்டதாரியாக்கிய அவர், அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கவில்லை. திறப்பை ஆண் கையிலிருந்து ஆண் கைக்கே மாற்றினார். கலியாணச் சந்தையில் தமது அந்தஸ்தைக் காட்டிய அதே கார், இப்போது மகளைப் பிணையாக வைத்து மற்றொருவனால் ஓட்டப்படுகின்றது. "கேட்டால் மகளின் வாழ்க்கை கெட்டுவிடும்" என்று அவர் அஞ்சுகின்றார். காரைத் திருப்பிக் கேட்பதனால் கெட்டுப்போகும் வாழ்க்கை, கேளாதிருப்பதனால் நல்வாழ்க்கை ஆகிவிடுமா? இன்று கார், நாளை பெயர்மாற்றப் படிவத்தில் ஒப்பம், மறுநாள் வீட்டு உறுதி. மௌனம் ஒவ்வொரு படியிலும் அவனுக்குத் துணிவூட்டுகின்றது.

முற்போக்கு நண்பர் சிலர் வேறொரு கோணத்திலிருந்து வினவுவர்: "கார் வைத்திருப்போரின் பூசல் நமக்கெதற்கு? உழைப்பவனுக்குக் கூலி கிடைப்பதைப் பற்றி எழுதலாகாதா?" எழுதுவோம். ஆயினும் இக்கேள்வி பாதி உண்மையே. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அற்றுப்போன காலத்தில், மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடிய பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் எத்தனை பிரசவத் தாய்மாரை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றன என்பதை யாழ்ப்பாணம் அறியும். ஒரு வீட்டின் கார் அந்நாளில் ஒழுங்கை முழுவதற்கும் கார். சீதனமோ கார் வைத்திருப்போரோடு நின்றுவிடுவதுமில்லை. இங்கே கார் என்பது, அங்கே மீன்பிடி வள்ளத்தின் இயந்திரமாகவும், தோட்டக்காரனின் நீரிறைக்கும் இயந்திரமாகவும், கடனுக்கெடுத்த முச்சக்கர வண்டியாகவும் இருக்கின்றது. வண்டியை மருமகன் கொண்டுபோய்விட, மாதாந்தக் கடனை மாமனார் கூலிவேலை செய்து கட்டும் குடும்பங்களும் உள. இந்தியாவில் 1961 இலேயே சீதனத்தைத் தடைசெய்யச் சட்டம் வந்தது. அது சீதனத்தை ஒழித்துவிடவில்லை என்பது வேறு விஷயம். இலங்கையிலோ அத்தகைய சட்டமே இல்லை. ஆகவே சட்டத்துக்குக் காத்திருப்பது வீண்.

செய்யத்தக்கது என்ன? முதலில், மகளைத் தூது விடுவதை நிறுத்துக. தகப்பனும் கணவனும் பேசவேண்டியதைப் பெண்ணின் வாயால் பேசுவித்து இருபக்க அடியையும் அவளே தாங்கச் செய்வது கோழைத்தனம். ஆனால் அவளிடம் கேட்காமல் எதுவும் செய்யவுங் கூடாது; அவள் அந்த வீட்டில் அஞ்சி வாழ்கின்றாளெனில், காரைவிட அவளை மீட்பதே முதல் வேலை. அவ்வச்சம் இல்லையாயின், பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: கார் என் பெயரில் உள்ளது, இரவலாகத் தந்தேன், இன்ன திகதிக்குள் கொண்டுவந்து விடுக. வசை வேண்டாம், நான்கு வரி போதும். திகதி கடந்தால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. அதற்கும் மசியாதவனுக்கு, நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக் கொள்ளுதல் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றமென்பதைச் சட்டத்தரணி ஒருவர் எழுத்தில் எடுத்துச் சொல்லட்டும். "இது குடும்ப விஷயம்" என்று பொலிஸ் நிலையத்தில் திருப்பியனுப்ப முயல்வார்கள். அப்போது கையில் அந்தக் கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபாற் பற்றுச்சீட்டும் இருத்தல் வேண்டும்.

கார் திரும்பிவந்த பின்னர், அதனை மகளுக்கே கொடுக்க விரும்பும் தகப்பன் தாராளமாகக் கொடுக்கலாம். பதிவுப் புத்தகத்தில் அவள் பெயர் ஏறட்டும். வவுனியாவில் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் இல்லாமலில்லை.